எட்டாயிரத்து எண்பது என்ன கேட்கிறது?

பெரியாஸ்பத்திரியில் யாராவது வாயைத் திறந்து எதையாவது கேட்டால், கேட்டது என்ன என்று பார்க்க மாட்டார்கள்; கேட்டது யார் என்றுதான் பார்ப்பார்கள். அது அங்கே ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கில் போய் வசமாக மாட்டிக்கொண்டவன்தான் நம் டப்பா.

டப்பா என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. அவனுக்குக் கணினிப் பிரிவில் வேலை. ஒரு புரோகிராமை அதற்கு வேண்டிய சகல சாமான்களோடும் ஒரு பெட்டிக்குள் போட்டு மூடி, பெட்டியோடு ஓடவிடுவதை அவன் தொழிலில் கன்டெய்னர் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டத்தில் இதை விளக்கப் போனான். "அதாவது, டப்பா?" என்று யாரோ கேட்டார்கள். "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றான். அன்றோடு தொலைந்தது. இயக்குநர் அம்மாவிலிருந்து லிஃப்ட் ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவன் டப்பா ஆகிவிட்டான்.

டயாலிசிஸுக்கு முறை வாங்குவதை இணையதளத்தில் கொண்டுவர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அதுவரை என்ன வழக்கம் என்றால், நோயாளி விடியுமுன்னே வந்து சீட்டு ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னல் திறந்ததும் மெஷின்கள் எத்தனையோ அத்தனை பேருக்குச் சீட்டு. மிச்சப் பேர் உடம்பில் கோத்துக்கொண்ட நீரோடு வீட்டுக்குப் போய் மறுநாள் வந்து நிற்கலாம். நிற்க முடிந்தால்.

அந்த வரிசையில் டப்பாவின் அக்காவும் நின்றாள். துணிக்கடையில் அளவு எடுக்கிற வேலை பார்த்தவள். தராசைத் திருப்பிப் பார்க்காமல் காய் வாங்க மாட்டாள். மீதிச் சில்லறைக்கு பஸ்ஸையே நிறுத்திவைத்துக் கண்டக்டரை ஒரு வழி பண்ணியவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு குரல் மட்டும்தான் பழையபடி இருந்தது. தம்பி அங்கேதான் வேலை பார்க்கிறான் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் சலுகை கேட்க வந்ததாக ஆகிவிடும். அதனால் டப்பா இந்த இணையதளத்துக்காக ராப்பகலாக உழைத்தது கடமை உணர்ச்சியால் அல்ல. அக்கா படுத்த இடத்திலிருந்தே முறை வாங்க வேண்டும்; அவ்வளவுதான் அவன் ஆசை.

தளம் தயாராகிவிட்டது. பாக்கி ஒரே ஒரு வரி. பெட்டிக்குள்ளே சர்வர் எட்டாயிரத்து எண்பது என்ற எண்ணுள்ள ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். பெட்டிக்கு வெளியே, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில், ஊர் உலகம் வந்து தட்டுகிற வாசலுக்கு எண் நானூற்று நாற்பத்து மூன்று. இந்த வாசலுக்கு வருகிறவர்களை அந்த ஜன்னலுக்கு அனுப்பு என்று எழுத வேண்டும். வாசல், ஜன்னல் என்று நான் சொல்வது உங்களுக்காக. தொழிலில் இரண்டுக்கும் போர்ட் என்றே பெயர். டப்பா நினைத்திருந்தால் தேநீர் ஆறுவதற்குள் எழுதியிருப்பான். ஆனால் ஆஸ்பத்திரியில் வாசல் என்று எது இருந்தாலும், அதைத் திறப்பதற்குப் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும்.

பாதுகாப்பு அதிகாரியை ஊழியர்கள் பூட்டு என்பார்கள். நேரில் அல்ல. காவலாளிகளுக்குத் தலைவராக இருந்து, வாசல்களை மூடி மூடியே மேலே வந்தவர். டப்பா அவரிடம் போய், "நானூற்று நாற்பத்து மூணு போர்ட் திறக்கணும் சார்" என்றான். "தாராளமா!" என்றார் பூட்டு. இவ்வளவு சுலபமா என்று டப்பாவுக்கே நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் தச்சர்கள் இருவர் ஒரு பெரிய பச்சைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை எழுத்தில் 443 என்று பளிச்சென்று எழுதியிருந்தது. கணினி அறை வாசலுக்கு மேலே மாட்டி, முன்னால் ஒரு திரை கட்டிக் கயிறும் தொங்கவிட்டார்கள்.

"என்னங்க இது?"

"போர்டு திறக்கணும்னு கேட்டிருந்தீங்களே!"

இயக்குநர் அம்மா வந்து கயிற்றை இழுத்தார். திரை விலகியது. எல்லோரும் கை தட்டினார்கள். "இந்த எண், நம் நிறுவனத்தின் மணிமகுடத்தில் இன்னொரு எண்" என்று அம்மா பேசினார். டப்பாவும் தட்டினான்; வேறென்ன செய்ய? கூட்டம் கலைந்ததும் போனை எடுத்துத் தளத்தைத் தட்டிப் பார்த்தான். வாசல் மூடியபடியே இருந்தது.

மறுபடி பூட்டின் அறைக்குப் போனான். இந்தத் தடவை ஒன்று விடாமல் விளக்கிவிடுவது என்று முடிவு. அங்கேதான் அவனைச் சனி பிடித்தது.

"நான் சொன்னது பலகை இல்லை சார். உள்ளே சர்வர் ஓடிக்கிட்டிருக்கு. எட்டாயிரத்து எண்பதுல கேட்டுக்கிட்டிருக்கு."

பூட்டு பேனாவைக் கீழே வைத்தார். "என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கலை சார். சும்மா கேட்டுக்கிட்டிருக்கு."

"ஒண்ணும் கேக்காம எப்படிய்யா கேட்டுக்கிட்டிருக்கும்?"

"காதால கேக்குறது சார். யாராவது வந்து சொன்னா கேட்டுக்கும். வாயால கேக்குறது இல்லை."

பூட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முகத்தில் நெடுநாள் அனுபவம் தெரிந்தது. "இப்ப காதால கேக்கும். பழகிட்டா வாயாலயும் கேக்கும். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! முதல்ல அமைதியா கேட்டுக்கிட்டிருப்பாங்க. ஒருநாள் எழுந்து நின்னு, ஏன் மருந்து இல்லைன்னு கேப்பாங்க. யார் அனுமதி கொடுத்தாங்க இது கேக்குறதுக்கு?"

"அனுமதி... நான்தான் சார் ஓடவிட்டேன்."

"எவ்வளவு நாளா கேக்குது?"

"ஒரு மாசமா சார்."

"ஒரு மாசமா கேட்டுக்கிட்டிருக்கு, எனக்குத் தெரியலை!" பூட்டு எழுந்தே விட்டார்.

மறுநாள் சர்வருக்கு நோட்டீஸ் வந்தது. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், வார்த்தை மாறாமல் சொல்கிறேன்: 'எட்டாயிரத்து எண்பதில் இருக்கும் சர்வர் அறிவது. தாங்கள் உரிய அனுமதியின்றித் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது எமது கவனத்துக்கு வந்துள்ளது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தைக் குழுவின் முன் நேரில் அளிக்கவும்.' கொண்டுவந்த ஆள் கணினி அறையில் சர்வர் யார் என்று தேடினார். டப்பா இரும்பு அலமாரிக்குள் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினான். அவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்று பார்த்துவிட்டு, நோட்டீஸைக் காற்று போகிற சல்லடை மேலேயே பசை தடவி ஒட்டினார். பெட்டிக்கு மூச்சு முட்டியது. உள்ளே இருந்த விசிறிகள் ஹோவென்று இரைந்தன. அவர் பயந்து வெளியே ஓடி, 'நோட்டீஸைக் கண்டதும் இரைந்தார், கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குற்றம் இரண்டானது.

குழு கூடியது. சர்வருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது வராததால் அதன் சார்பாக டப்பா நின்றான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று காலையில்தான் அக்கா சீட்டு கிடைக்காமல் திரும்பிப் போயிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற ஆளோடு சீட்டு முடிந்துவிட்டது. ஜன்னலில் இருந்தவரிடம் அவள் போட்ட சண்டை மூன்றாவது மாடியில் இருந்த டப்பாவுக்குக் கேட்டது. பிறகு சண்டை போடவும் மூச்சு போதாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தான். முந்தின நாளே கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. இதையெல்லாம் சொல்லிவிடலாமா என்று குழுவின் முன் வாயைத் திறந்தான். அதற்குள் இயக்குநர் அம்மா பேச ஆரம்பித்துவிட்டார். நல்ல பேச்சாளர். தாளைப் பார்க்க மாட்டார்.

"நம்ம ஆஸ்பத்திரியோட பெருமை என்ன? இங்க யாரும் எதையும் கேக்க வேண்டியதில்லை. வரிசையில நிப்பாங்க, நாம கூப்பிடுவோம். கேக்குறதுன்னு ஒண்ணு ஆரம்பிச்சா பதில் சொல்றதுன்னு ஒண்ணு வந்துடும். அதுக்கு நம்மகிட்ட ஆள் ஏது? சிலர் வரிசை கொடுமைங்கறாங்க. நான் சொல்றேன், வரிசைதான் நம்ம முதல் வைத்தியம். விடியறதுக்கு முன்னாடி எழுந்து வந்து நிக்கத் தெம்பு இருக்கிறவங்கதான் ஜன்னல் வரைக்கும் வர்றாங்க. தெம்பு இல்லாதவங்க அவங்களாவே வராம நின்னுடறாங்க. அதனாலதான் நம்மகிட்ட சிகிச்சை எடுத்தவங்க இவ்வளவு நல்லா இருக்காங்க. வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் இந்தக் கணக்கு கிடையாது. இப்ப வீட்டுல படுத்துக்கிட்டே முறை வாங்கலாம்னா என்ன ஆகும்? ரொம்ப முடியாதவங்க எல்லாம் உள்ளே வந்துடுவாங்க!"

குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். டப்பாவுக்கு வந்தது கோபமா பயமா என்று அவனுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"ஆனா மேலிடத்து உத்தரவு இருக்கே அம்மா" என்று பூட்டு இழுத்தார். "தளம் ஓடணுமாம்."

"ஓடட்டும். யார் வேண்டாம்னா? கேக்கக் கூடாது, அவ்வளவுதான். என்னப்பா டப்பா, கேக்காம ஓடுமா?"

டப்பாவுக்கு நாக்கு குழறியது. குழறின நாக்கில்தான் உண்மை வரும் போலிருக்கிறது. "தன்னை மட்டும் கேட்டுக்கிற மாதிரி வைக்கலாம் அம்மா. ஆனா அப்படி வெச்சா..."

"ஆகா!" என்றார் அம்மா. "தன்னைத்தானே கேட்டுக்கிறது! இதுதானய்யா பண்பு. நாம எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்!" அந்த 'ஆனா'வை யாரும் காதில் வாங்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. இனிமேல் வம்பில்லை என்பதால், வாசலையும் எப்படி வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம் என்று பூட்டு பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார்.

அவன் தொழிலில் தன்னைத்தானே குறிக்கிற ஒரு முகவரி உண்டு. சர்வரை அந்த முகவரியில் உட்காரவைத்தால், பெட்டிக்குள்ளிருந்து பேசுவது மட்டும்தான் அதன் காதில் விழும். டப்பா சொன்னபடி செய்தான். வாசலுக்கான அந்த ஒரு வரியையும் எழுதினான். வாசல் விரியத் திறந்திருந்தது. உள்ளே இருந்தவருக்குத்தான் வெளியே தட்டுவது கேட்கவில்லை. பெட்டி நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னையே 'நலமா?' என்று விசாரித்து, 'நலம்' என்று தானே பதில் சொல்லிக்கொண்டது. அந்தப் பதில் இயக்குநர் அறைத் திரையில் பச்சை விளக்காக எரிந்தது. ஒரு புகாரும் வரவில்லை, ஒரு நெரிசலும் இல்லை என்று மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. கடிதத்துக்குச் சட்டம் போட்டு 443 பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

அக்கா அதற்குப் பிறகும் சீட்டில்லாமல் திரும்பினாள். மறுநாளும் திரும்பினாள். அன்று அவள் மகள் போன் செய்தாள்.

"மாமா, அம்மாவால படுக்க முடியலை. படுத்தா மூச்சு முட்டுதாம். உக்காந்துக்கிட்டே தூங்கறாங்க. நீங்க ஏதோ செஞ்சுக்கிட்டிருக்கேன்னு சொன்னீங்களே, அது என்னாச்சு?"

டப்பா போனை வைத்துவிட்டான். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். தன்னை மட்டும் என்றிருந்த இடத்தில் எல்லோரையும் என்று மாற்றிவிட்டுப் பெட்டியை நிறுத்தி மறுபடி ஓடவிட்டான். பச்சை விளக்கு அணையவில்லை. பிறகு அக்கா மகளுக்குப் போன் போட்டு, "இப்பத் தட்டிப் பாரு" என்றான்.

முதலில் நாலைந்து பேர் வந்தார்கள். செய்தி வாய்வழியாகப் பரவியது. அப்புறம் பாருங்கள், எங்கெங்கோ கிடந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். வரிசைக்கே வந்திராதவர்கள், வரமுடியாதவர்கள், படுக்கையிலிருந்து இரண்டு பேர் தூக்கி உட்காரவைக்க வேண்டியவர்கள். அக்காவுக்கு முறை கிடைத்தது. மெஷினிலிருந்து இறங்கின அன்று சாயங்காலம் போனில் தம்பியை அரைமணி நேரம் திட்டினாள். இவ்வளவு சுலபமான வேலைக்கு இத்தனை நாளா என்று. அந்தத் திட்டைக் கேட்க டப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சந்தோஷம் நீடித்ததா என்றால், இல்லை. ஒருநாள் காலை ரோந்து வந்த பூட்டு சீட்டு ஜன்னல் முன்னால் திகைத்து நின்றார். வரிசை இல்லை. வரிசையை ஒழுங்குபடுத்தும் காவலாளிகள் மூவர் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வரிசை எங்கய்யா?"

"காணோம் சார். நாங்களும் தேடிக்கிட்டிருக்கோம்."

வரிசை காணாமல் போனது குறித்து விசாரணை தொடங்கியது. காவலாளிகளின் பைகளைச் சோதித்தார்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். வரிசையைக் கடத்திப் போகிற அளவுக்கு அகலமான வாசல் எது என்று யோசித்தபோதுதான் பூட்டின் கண் பச்சைப் பலகையில் விழுந்தது. மனுஷன் முட்டாளில்லை, அதையும் சொல்லவேண்டும். தீர்ப்பு அன்றே வந்தது: சர்வர் மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கிறது. அனுமதியில்லாமல் கேட்டுக் கொடுத்த முறைகள் எதுவும் செல்லாது. பெட்டி நிறுத்தப்பட்டது. இனி வரப்போகும் நாட்களுக்கு முறை வாங்கியிருந்தவர்கள் எல்லோரையும் போனில் கூப்பிட்டு, வரிசைக்கு வரச்சொல்லும் வேலை டப்பாவுக்கு. பூட்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ஸ்பீக்கர்ல போடு. ஒவ்வொரு குரலும் எனக்குக் கேக்கணும். இது தானா கேக்க ஆரம்பிச்சிருக்காது. நம்ம ஆள் யாரோ சொந்தக்காரங்களுக்காகத் திறந்துவிட்டிருக்கான். பேசும்போது எப்படியும் வெளிய வந்துடும். யாரோட அம்மாவோ தங்கச்சியோ, 'டேய் நீயா'ன்னு கேப்பாங்கல்ல, அப்பப் பிடிச்சுடுவேன்."

நான்தான் சார் என்று சொல்லிவிட வேண்டும் என்று டப்பா நினைத்தான். சொல்லவில்லை. வேலை போனால் அக்காவின் மருந்துக்கு வேறு வழியில்லை என்று மனசுக்குள் ஒரு காரணம் தயார் செய்துகொண்டான். அது பொய்யில்லை. ஆனால் பயந்தான் என்பதுதான் முழு உண்மை.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். எழுதிக் கொடுத்ததை வாசித்தான். சிலர் அழுதார்கள். ஒருவர் வாய்க்கு வந்தபடி வைதார். ஒரு வீட்டில், அவர் போன வாரமே போய்விட்டார் என்றார்கள். பூட்டு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு, சங்கீதம் கேட்பதுபோலக் கேட்டார். கடைசியில் அக்காவின் எண் வந்தது. மறுநாள் காலைக்கு முறை. வேண்டுமென்றே தப்பாக அழுத்தலாமா என்று பார்த்தான். பூட்டின் விரல் திரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆஸ்பத்திரி போனிலிருந்து அவன் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. மணி அடித்தது.

"ஹலோ, யாருங்க?"

"வணக்கம். பெரியாஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம். தாங்கள் இணையதளம் மூலம் பெற்ற டயாலிசிஸ் முறை, முறையான அனுமதியின்றி வழங்கப்பட்டதால்..." குரல் உடைந்தது. இருமுகிறவன்போல இருமிச் சமாளித்தான். "...ரத்து செய்யப்படுகிறது. தாங்கள் நேரில் வந்து வரிசையில் நின்று பெற்றுக்கொள்ளவும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது. டப்பா கண்ணை மூடிக்கொண்டான். இப்போது கேட்கப் போகிறாள், 'டேய், என்னடா இது?' என்று. கேட்கட்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது.

"சரிங்க சார்" என்றாள் அக்கா.

பூட்டு ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

"நாளைக்கு வந்து வரிசையில நின்னுக்கிறேங்க சார். நீங்க சிரமப்பட்டுப் போன் பண்ணிச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க சார்." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "வெச்சுடறேங்க."

போன் அடங்கியது. டப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. பூட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, முகமெல்லாம் மலர அவன் தோளில் தட்டினார்.

"பார்த்தியா டப்பா? இவங்கதான்யா நல்ல நோயாளி. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"இல்லை சார்" என்றான் டப்பா. "கேக்கலை."